மருத்துவக் கோப்பின் வரிசையில் எழுதாதீர்கள்: குழந்தையின்மையை நினைவுக்குறிப்பாக எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விரும்பியும் குழந்தை பெற முடியாமல் போன வாழ்க்கையை எழுத முனைகிறவர்களின் கைப்பிரதிகளைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். என் முதல் பிரதியில் நான் செய்த பிழைகள் அவற்றில் அப்படியே திரும்பி வருவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. கூறியது கூறல், மிகை உருக்கம் போன்றவற்றை எந்த நல்ல வாசகரும் சுட்டிக்காட்டிவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மருத்துவக் கோப்பின் வரிசையைப் பின்பற்றுவது

என்னிடம் தடித்த கோப்பு ஒன்று இருந்தது. ஸ்கேன் அறிக்கைகள், ஹார்மோன் அளவுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. எங்கே தொடங்குவது என்று திகைத்து நின்றபோது அந்த வரிசை கைகொடுத்தது. கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐவிஎஃப் சிகிச்சையின் ஒரு சுழற்சிக்கு ஓர் அத்தியாயம் என்று வகுத்துக்கொண்டேன். கருமுட்டையை முதிரச் செய்யும் கடைசி ஊசி, ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்துக் கருமுட்டை எடுப்பு, மூன்றாம் அல்லது ஐந்தாம் நாளில் கருவைக் கருப்பைக்குள் வைத்தல், இரண்டு வாரக் காத்திருப்பு, ரத்தப் பரிசோதனை என்று ஒவ்வோர் அத்தியாயமும் பரிசோதனை முடிவில் போய் நின்றது. இரண்டு ஆண்டுகள் உழைத்து எழுதிய 300 பக்கங்களில் 40 பக்கம்கூட மிஞ்சவில்லை.

கிடைக்குமா, கிடைக்காதா என்ற பதைப்பு நான் வாழ்ந்தபோது மெய்யாக இருந்தது. அட்டையைப் பார்த்தவுடனேயே முடிவு தெரிந்துவிடும் வாசகரிடம் அதே பதைப்பை ஐந்து முறை எழுப்ப முயல்வது அவரை ஏமாற்றுவதாகும். அதைவிடப் பெரிய குறை, சிகிச்சை நின்ற நாளில் கோப்பும் நின்றுவிடுகிறது என்பது. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் அதை மலட்டுத்தன்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆக, அது எப்போது தொடங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நம்பிக்கை விட்டுப்போகும் நாளுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. பிறர் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத, வாய்விட்டு அழ இடமில்லாத இழப்பை 'அங்கீகரிக்கப்படாத துக்கம்' என்ற பெயரில் துக்கத்தை ஆராயும் அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் எழுதினார். தேதியற்ற அந்தத் துக்கம் தேதி வாரியான கோப்பில் எப்படி அகப்படும்?

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மருந்துக்காக வைத்த அலாரம் ஒன்று இருந்தது. கடைசிப் பரிசோதனையும் பொய்த்து, மருந்துகளை நிறுத்திய பிறகும் அது தினமும் அடித்தது. நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அது ஓயும்வரை காத்திருப்போம். பல வாரங்களுக்குப் பின் ஒருநாள் அது அடிக்கவில்லை; கைபேசியில் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொண்டேன். முதல் பிரதியின் 300 பக்கங்களில் இந்த அலாரம் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை, ஏனென்றால் அதற்குக் கோப்பில் தாள் இல்லை.

அண்மையில் ஒரு பெண் ஐந்து சுழற்சிகளை ஐந்து அத்தியாயங்களாக எழுதிக் கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தில் "அத்துடன் நிறுத்திக்கொண்டோம்" என்ற ஒரே வரி மட்டும் இருந்தது. நிறுத்திய பிறகு வீட்டில் என்ன மிச்சம் இருந்தது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, பாதி தீர்ந்த, மருந்து செலுத்தும் ஊசிப் பேனா ஒன்று காலாவதியான பின்னும் பல மாதங்கள் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருந்ததாகச் சொன்னார். அந்தப் பேனாவிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்குமாறு கேட்டுக்கொண்டேன். காலவரிசையில் எழுதினால் போதும், வாசகர் பின்தொடர்வார் என்று அவருக்கு யாரோ அறிவுரை கூறியிருக்கிறார்கள். எனக்கும் அதைத்தான் கூறினார்கள். இந்தப் பொருளுக்கு அது தீங்கான அறிவுரை. கேட்கும்போதெல்லாம் இன்றும் கோபம் வருகிறது.

கேள்வி கேட்டவர்களை வில்லனாக்குவது

"விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டவரின் வாயை மட்டும் எழுதினால் காட்சி பாதியிலேயே நின்றுவிடும். அந்தக் கணத்தில் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எதை மறைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தத்தெடுக்காததற்கு விளக்கம் தருவது

அந்தக் கடமை உங்களுக்கு இல்லை.

ஆறுதலுக்காக ஒரு முடிவை ஒட்டுவது

வேண்டாம்.

துணைவரின் உடலை அவர் அனுமதியின்றி எழுதுவது

குழந்தை பெற முடியாத இணையர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் உடல் சார்ந்த காரணமும், தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ, காணப்படுகிறது. எனவே அவருடைய விந்துப் பரிசோதனை அறிக்கையும் உங்கள் கதைக்குள் வரக்கூடும். ஆனால் அதை வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். அச்சுக்குப் போகும் முன்னர் அல்ல, எழுதும்போதே காட்டிவிடுங்கள். நான் மிகவும் தாமதித்தே என் கணவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு பத்திகளை நீக்கச் சொன்னார், நீக்கினேன். பிறகு அலாரம் பற்றிய பக்கத்தைத் திருப்பி, அது கோளாறால் நிற்கவில்லை, நான் உறங்கிய பிறகு தானே எடுத்து நிறுத்தியதாகச் சொன்னார்.