பழைய டூரிங் பைக் ஐடிலில் திணறுகிறதா? முதலில் காற்றுக் கசிவைப் பாருங்கள்

ஐடில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது, ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்.பி.எம். உடனே இறங்க மாட்டேன் என்கிறது, சைலன்சரில் பட் பட்டென்று சத்தம் என்றால் கார்புரேட்டரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். ஐடில் ஸ்க்ரூவையும் திருகாதீர்கள்; அது கோளாறை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பூட் (இணைப்புக் குழாய்) வழியாகக் கூடுதல் காற்று உள்ளே கசிகிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். வருடக்கணக்கில் சூடுபட்டு அது கட்டையாகிவிடும். மேலே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். விரலால் அழுத்தி வளைத்து, அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் அப்போதுதான் வாய் திறக்கும். கிளாம்ப் இறுக்கம், வேக்வம் ஹோஸின் (இன்ஜினின் உறிஞ்சும் இழுப்பைக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்) முனைகள், சின்க் போர்ட்டை (கார்புரேட்டர்களை ஒன்றுக்கொன்று சமன்செய்யும்போது அளவுமானி மாட்டும் துளை) மூடும் சின்ன ரப்பர் மூடிகள் எல்லாவற்றையும் கையோடு பார்த்துவிடுங்கள். அந்த மூடிகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் லேசாகத் தெளியுங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம்.

வேக்வமில் இயங்கும் பெட்ரோல் டேப் இருந்தால் அதன் வேக்வம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டேப்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது.

கசிவை அடைத்த பிறகுதான் கார்புரேட்டர் சின்க், அதாவது கார்புரேட்டர்களைச் சமன்செய்யும் வேலை.