என்டிட்டியை மாற்றிய பிறகும் பழைய மாடல் வந்தால்

ஜாவா எழுதும் எக்லிப்ஸில், ஜேபிஏ மாடலை (என்டிட்டி எனப்படும் ஜாவா கிளாஸ்கள் டேட்டாபேஸோடு எப்படிப் பொருந்துகின்றன என்ற விவரத்தை) படிக்கும் பிளக்இன்னுக்கான டெஸ்டில் வந்த கோளாறு இது. ஒரு ஃபீல்டின் மேல், அதுதான் பிரைமரி கீ என்று சொல்லும் @ஐடி குறிப்பைச் சேர்த்துவிட்டு அடுத்த வரியிலேயே மாடலைக் கேட்டால் சில தடவை சரியான விடை, சில தடவை ‘பிரைமரி கீ இல்லை’ என்ற பழைய எரர். பிரேக்பாயின்ட் வைத்தால் எரர் வரவே வராது; நாம் நிறுத்திப் பார்க்கும் நேரத்துக்குள் அப்டேட் முடிந்துவிடுகிறது. டைமிங் பிரச்சினைக்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது.

சோர்ஸ் மாறியதும் மாடலை அப்டேட் செய்யும் ஒரு ஜாப் (பின்னணியில் ஓடும் வேலை) வரிசையில் சேர்கிறது. மாடல் மாறுவது அந்தப் பின்னணித் திரெட்டில். டெஸ்ட் கேட்பது வேறு திரெட்டிலிருந்து. மாடலைக் கேட்கும் முன் வைத்த 500 மில்லிசெகண்ட் ஸ்லீப் என் மெஷினில் போதுமாக இருந்தது, பில்டு சர்வரில் போதவில்லை. அந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

அப்டேட் ஜாபில் பிலாங்ஸ்டூ மெத்தடை (ஜாப் ஒரு ஃபேமிலியை, அதாவது குழுவைச் சேர்ந்ததா என்று சொல்வது) ஓவர்ரைடு செய்து, தனி ஃபேமிலி ஆப்ஜெக்டுக்கு ட்ரூ திருப்ப வைத்தேன். டெஸ்டில், ஜாப்கள் முடியும்வரை காத்திருக்கும் ஜாப் மேனேஜரின் ஜாயினை அந்த ஃபேமிலியோடு அழைத்ததும் சரியானது. வரிசை முக்கியம்: ஜாப் ஷெட்யூல் ஆகும் முன்பே ஜாயினை அழைத்தால் காத்திருக்க எதுவும் இல்லாமல் உடனே திரும்பிவிடும். திரையைக் கவனிக்கும் யூஐ திரெட்டில் அழைத்தால் திரை உறைந்துபோகும். அங்கே, ஜாப் முடிந்ததும் தானாக அழைக்கப்படும் ஜாப் சேஞ்ச் லிசனரின் டன் மெத்தடைப் பயன்படுத்துங்கள்.