வீட்டுத் தோட்டத்தில் பேரி மரம்: மலையில் இருப்பவர்களுக்கு

பேரி மரத்தை எங்கே வைக்கலாம் என்ற கேள்விக்கு மண்ணைப் பார்ப்பதற்கு முன் மார்கழி இரவுகளைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இம்மரம் ஆண்டுக்கொரு முறை இலையை முழுவதும் உதிர்த்துவிட்டு உறங்குகிறது. அந்த உறக்கம் கலைந்து பூ மொட்டுகள் ஒரே சமயத்தில் விழிப்பதற்கு, வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் மணிநேரங்கள் இத்தனை என்று ஒவ்வோர் இரகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய இரகமான வில்லியம்ஸ், அதாவது பார்ட்லெட், ஏறத்தாழ 800 மணிநேரக் குளிரை எதிர்பார்க்கிறது. கீஃபர் என்னும் கலப்பின இரகம் அதில் பாதிக்கும் குறைவாகவே கேட்கிறது. போதிய குளிர் கிடைக்காத மரம் செத்துப்போவதில்லை. இலை விடும், உயரும், பச்சைப் பசேலென்று நிற்கும், காய்க்க மட்டும் காய்க்காது. சமவெளி நாற்றங்கால்களில் 'எல்லா ஊருக்கும் ஏற்ற பேரிக்காய்' என்று அட்டை தொங்கவிட்டு விற்கப்படும் செடிகளை மதுரையிலும் திருச்சியிலும் வாங்கி வைத்தவர்கள் கடைசியில் வளர்ப்பது நிழல்மரம்தான். பஞ்சாபின் சமவெளியில் பதர்நாக் இரகம் காய்க்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே சனவரி இரவுகள் உண்மையாகவே குளிர்ந்தவை, நம் சமவெளி இரவுகள் அப்படியல்ல.

ஆகவே தமிழ்நாட்டில் இந்த வழிகாட்டி யாருக்கென்றால் கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரி, உதகை, ஏற்காடு போன்ற இடங்களில் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு. ஏற்காட்டில் பேரியை 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பியோடும் ஆப்பிளோடும் கொண்டுவந்தார் என்பார்கள். இருநூறு ஆண்டுகளாக அந்த மரம் இம்மலைகளில் பழகிவிட்டது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் குறைந்த குளிர் கேட்கும் இரகங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கொடைக்கானலும் உதகையும் 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே இன்னும் சற்றுத் துணியலாம். ஆனால் அங்கும் பள்ளத்தின் அடியில், உறைபனி வந்து தேங்கும் இடத்தில் நடக் கூடாது. உறங்கும் மரத்துக்கு உறைபனி தீங்கு செய்யாது. விரிந்த பூவைத்தான் கருக்கிவிடும். சரிவின் நடுப்பகுதியில், காலை வெயில் முதலில் விழும் இடமே சிறந்தது.

இரகம் எதுவென்று என்னைக் கேட்டால், முதல் மரம் கீஃபராக இருக்கட்டும் என்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பீட்டர் கீஃபர் என்பவரின் தோட்டத்தில், சீனத்து மணற்பேரியும் ஐரோப்பியப் பேரியும் தற்செயலாகக் கலந்து பிறந்த கலப்பினம் அது. சீனத்துப் பாதி அதற்கு உறுதியையும் குறைந்த குளிரில் காய்க்கும் குணத்தையும் தந்தது. கடிக்கும்போது பல்லில் நறநறவென்று படும் மணற்சதையும் அந்தப் பாதியிலிருந்து வந்ததுதான். சுவையில் அது முதல் வரிசை இல்லை என்பது உண்மை. ஆனால் நோய் தாங்கும், கவனிப்பு குறைந்தாலும் காய்க்கும், தனி மரமாக நின்றாலும் ஓரளவு காய் பிடிக்கும். மற்ற இரகங்களில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. எனவே இடம் இருந்தால் ஒரே காலத்தில் பூக்கும் இரண்டு வெவ்வேறு இரகங்களை அருகருகே வைப்பது காயை வெகுவாகக் கூட்டும். அடுத்த வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் அவருடையதல்லாத இரகத்தை நீங்கள் வையுங்கள். தேனீக்களுக்கு வேலி கிடையாது.

விதையிலிருந்து முளைத்த செடியை வாங்க வேண்டாம். அது தாய்மரத்தின் குணத்தோடு வராது, காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகளும் ஆகலாம். வேறொரு வேர்ச்செடியின் மேல் நல்ல இரகத்தின் துண்டை இணைத்து வளர்த்த ஒட்டுச்செடி நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். வாங்கும்போது ஒட்டு இணைந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அது புடைத்து, இடைவெளியின்றி ஆறியிருக்க வேண்டும். அந்த இடத்தில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை மறக்காமல் நீக்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டின் இரண்டாவது மரம் மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு காற்றில் ஒட்டுப்பகுதியில் சரியாக முறிந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது பட்டைக்குள் புதைந்து, கம்பி கட்டியதுபோல் தண்டை நெரித்துக்கொண்டு அந்த நாடா அப்படியே இருந்தது.

குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம். பருவமழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் 10 கிலோ கலந்து மூடுங்கள். மலை மண் பெரும்பாலும் புளிப்பு மிகுந்தது. மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 5.5க்குக் கீழே வந்தால் டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு இட வேண்டும், ஆனால் அதைத் தொழு உரத்தோடு ஒரே நாளில் இடாமல் சில வாரங்கள் முன்னதாக இடுவது முறை. பேரி மற்றப் பழமரங்களைவிடக் களிமண்ணையும் ஈரத்தையும் தாங்கும். அதற்காக நீர் தேங்கும் இடத்தில் வைக்க வேண்டியதில்லை. பையில் வளர்ந்த செடியை ஆனி, ஆடி மழையிலும், வேர் வெறுமையாக எடுத்த செடியை அது உறங்கும் மார்கழி, தையிலும் நடலாம். இரண்டு மரங்களுக்கிடையே 15 முதல் 20 அடி விடுங்கள். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே அரையடி தெரிய வேண்டும். புதைந்துவிட்டால் மேல்செடி தானே வேர்விட்டு, வேர்ச்செடியால் கிடைக்கும் பயன் போய்விடும். அடியிலிருந்து முளைத்துவரும் போத்துகளை இளசாக இருக்கும்போதே கையால் கிழித்தெடுத்துவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதில்தான் வீட்டுத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். பேரிக் கிளை இயல்பாகவே நெட்டுக்குத்தாக வானத்தைப் பார்த்து ஏறும். அப்படி ஏறும் கிளை மரக்கட்டையைத்தான் சேர்க்கும், பூவைச் சேர்க்காது. அதையே பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் அதன் வேகம் தணிந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் மேல் குட்டையான, கணுக்கணுவாகச் சுருங்கிய காய்ப்புக் கிளைகள் தோன்றும். ஆகவே முதல் மூன்று ஆண்டுகளில் கத்தரியைவிடக் கயிறுதான் முக்கியமான கருவி. நடுத்தண்டு ஒன்றை நேராக விட்டு, அதைச் சுற்றி நாலாபுறமும் வெவ்வேறு உயரத்தில் நான்கைந்து கிளைகளைத் தேர்ந்து, அவை பென்சில் கனத்தில் வளைந்துகொடுக்கும் நிலையில் இருக்கும்போதே, தரையில் அடித்த முளையோடு பழைய சேலைக் கிழிசலால் கட்டி இழுத்து, தண்டிலிருந்து ஏறத்தாழ 60 டிகிரி விலகி நிற்குமாறு செய்யுங்கள். சணல் கயிறு பட்டையை அறுக்கும், கிழிசல் அறுக்காது. ஒரு பருவம் கழிந்து அவிழ்த்தால் கிளை அந்தக் கோணத்திலேயே நின்றுவிடும். தரைக்கு இணையாக முற்றிலும் படுக்கவைத்தால் அதன் முதுகிலிருந்து நீர்ப்போத்துகள், அதாவது பூக்காமல் நெட்டுக்குத்தாக ஓடும் தளிர்கள், வரிசையாக எழும்பும் என்பதால் அவ்வளவுக்குப் போக வேண்டாம்.

காய்க்கத் தொடங்கிய மரத்துக்கு ஆண்டுதோறும் இலையுதிர்ந்த பிறகு, திசம்பர், சனவரியில் கவாத்து செய்ய வேண்டும். காய்ந்தது, நோயுற்றது, ஒன்றோடொன்று உரசுவது, உள்நோக்கி வளர்வது, நெட்டுக்குத்தாக எழும்பிய நீர்ப்போத்து ஆகியவற்றை அடியோடு வெட்டுங்கள். காய்ப்புக் கிளைகள் சுருங்கிய கொக்கிபோல் இருப்பதால் காய்ந்த சுள்ளி என்று எண்ணி வெட்டிவிடுபவர்கள் பலர். அவை ஒரே இடத்தில் பல ஆண்டுகள் காய்க்கும் என்பதால், அவற்றை இழந்த கிளை மறுபடி காய்க்கச் சில ஆண்டுகள் எடுக்கும். ஒரே ஆண்டில் மரத்தின் கால்வாசிக்கு மேல் வெட்டினால் மறு ஆண்டு போத்துக்காடாகிவிடும். அளவுக்கு மீறிய தழைச்சத்தும் இதையேதான் செய்யும். யூரியாவை அள்ளிக் கொட்டுவதைவிட, கவாத்துக்குப் பின் மரத்தின் கிளைநுனிகளுக்கு நேர்கீழே வட்டமாகப் பள்ளம் பறித்து 20 கிலோ தொழு உரமும் இரண்டு கை அடுப்புச் சாம்பலும் இட்டு, உதிர்ந்த சருகால் மூடாக்குப் போடுவது போதும். மூடாக்குத் தண்டைத் தொடக் கூடாது. தை முதல் சித்திரை வரை மழையற்ற நாட்களில், பூவும் பிஞ்சும் இருக்கும் காலம் என்பதால், வாரம் ஒரு முறையாவது ஆழமாக நீர் விடுங்கள்.

பூ வெள்ளை; நடுவில் செந்நிற மகரந்தப் பைகள் புள்ளியிட்டாற்போல் தெரியும், மணம் அவ்வளவு இனிமையானதல்ல. தேன் இனிப்புக் குறைந்ததாக இருப்பதால் அருகில் கடுகோ முள்ளங்கியோ பூத்திருந்தால் தேனீக்கள் அங்கே போய்விடும். பேரி பூக்கும் இரண்டு வாரங்களுக்கு அவற்றை அறுத்துவிடுவது நலம். ஒரு கொத்தில் ஐந்து முதல் ஏழு பூக்கள் வரும். பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் கொத்துக்கு ஒன்று அல்லது இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனம் வராதுதான். ஆனால் கிள்ளாத மரம் ஓராண்டு கிளை முறியக் காய்த்து மறு ஆண்டு ஓய்ந்து நிற்கும்.

நோயை வருமுன் தடுப்பதற்கு, கவாத்து முடிந்து மரம் இலையின்றி நிற்கும்போது ஒரு முறையும், மொட்டுகள் புடைக்கும்போது ஒரு முறையும் ஒரு சத போர்டோ கலவை தெளிப்பது பழைய வழக்கம். கரும்புள்ளி நோய்க்கு இன்றும் அதுவே எளிய காப்பு. வீட்டளவில் 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) ஒரு பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் நீரில் கரையுங்கள். மற்றொரு வாளியில் 100 கிராம் புதிய சுட்ட சுண்ணாம்பை நீர் தெளித்துப் பூக்கவிட்டு 5 லிட்டராக்குங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றி மரக்குச்சியால் கிண்ட வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது, இரும்புப் பாத்திரமும் கூடாது. தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுத்துப் பாருங்கள்: அதன் மேல் செம்பு படிந்து சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், பளபளப்பு மாறாவிட்டால் கலவை சரி. அன்றே தெளித்து முடித்துவிடுங்கள், விரிந்த பூவின் மேல் தெளிக்காதீர்கள். தண்டில் படரும் சாம்பல்நிறப் பாசி மரத்தை உண்பதில்லை. காற்றும் வெளிச்சமும் உள்ளே போகவில்லை என்பதற்கு அடையாளம், அவ்வளவே. மழை விட்ட மறுநாள் தேங்காய் நாரால் தேய்த்தால் வந்துவிடும்.

பழ ஈதான் மலைத் தோட்டங்களில் பெருந்தொல்லை. முற்றும் காயின் தோலில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி இருக்கும். அறுத்தால் உள்ளே புழு. மருந்தைவிடப் பயன் தருபவை இரண்டு: காய் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே காகிதப் பை கட்டுவது, கீழே விழுந்த காய்களை அன்றன்றே பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பது. விழுந்த காயை மரத்தடியில் அழுகவிடுபவர் அடுத்த தலைமுறை ஈயைத் தாமே வளர்க்கிறார். கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு நுழையும் தோட்டமானால், இளமரத்தைச் சுற்றி ஆளுயர வேலி இல்லாமல் நடவே வேண்டாம். குரங்குக்கு எனக்குத் தெரிந்த தீர்வு எதுவும் இல்லை.

ஆடி முதல் புரட்டாசி வரை அறுவடை. நம் மலைப் பேரிக்காய் கல்லாக இருக்கிறது என்ற கெட்ட பெயரில் பாதி, பறித்தவுடன் கடித்துப் பார்ப்பவர்களால் வந்தது. ஐரோப்பிய இரத்தம் கலந்த பேரிகள் மரத்திலேயே பழுக்கவிட்டால் உள்ளிருந்து வெளியே பழுக்கும். தோல் மஞ்சளாகும்போது நடுச்சதை பழுப்பாகிக் குழைந்திருக்கும். ஆகவே காயாகப் பறித்து வீட்டில் பழுக்கவைக்க வேண்டும். கரும்பச்சை வெளிர்ந்து, தோலிலுள்ள வெண்புள்ளிகள் பழுப்பாக மாறும்போது ஒரு காயை உள்ளங்கையில் தாங்கி மெல்லக் கிடைமட்டத்துக்குத் தூக்குங்கள். காம்பு கிளையிலிருந்து தானாகக் கழன்றால் பறிக்கலாம். முறுக்கிப் பிய்க்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். காம்போடு பறித்து, அடிபடாமல் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, மரப்பெட்டியில் ஓர் அடுக்காக வைத்து, குளிர்ந்த அறையில் விடுங்கள். கீஃபர் நன்றாகப் பழுப்பது 16 முதல் 18 டிகிரியில், இரண்டு மூன்று வாரங்களில். சமையலறைச் சூட்டில் வைத்தால் தோல் சுருங்குமே தவிரச் சதை இளகாது. மலை வீட்டின் வடக்குப் பக்கத்து அறையே இதற்குப் போதுமானது. இரண்டு நாளைக்கொரு முறை பெட்டியைத் திறந்து, அழுகத் தொடங்கியதை அப்புறப்படுத்தி, மற்றவற்றின் காம்படியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் அல்ல, காம்படி. அங்கே விரல் சற்றே பதிந்தால் அன்றைக்கு அந்தக் காயை அறுக்கலாம்.