நாய்ப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தல்

திருகோணமலையில் நாய்க்குப் பயிற்சியாளர் தேடுவோர், அதற்குத் தடுப்பூசி போடும் மிருக வைத்தியரிடமே முதலில் விசாரிப்பது நல்லது. யாரிடம் பழகிய நாய்கள் நடுங்காமல் வருகின்றன என்பதை அவர் நேரில் கண்டிருப்பார். கட்டணம் பேசுமுன், பயிற்சியாளர் வேறொரு நாயைப் பழக்குவதைப் பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடலாம். அங்கே அவருடைய பேச்சை விட நாயின் உடலையே கவனியுங்கள்: வால் கால்களுக்கிடையே ஒடுங்கி, காதுகள் பின்னால் படிந்து, தின்ன எதுவும் இல்லாதபோதும் உதட்டை நக்கிக்கொண்டிருந்தால், அது கற்கவில்லை, அஞ்சுகிறது. கழுத்தை இறுக்கும் சங்கிலியை நம்புபவர் வேண்டாம். சொன்னதைச் செய்த நொடியிலேயே அவித்த கோழித் துண்டொன்றைக் கொடுப்பவரே தொழில் தெரிந்தவர். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள் தாராளமாகத் திரிவதால், அவற்றைக் கண்டாலும் கூப்பிட்டதும் திரும்பி வரப் பழக்குவாரா என்றும் கேளுங்கள்.