பழைய ரோடு பைக் வாங்கியாச்சா? பாகங்களை அடையாளம் கண்டு மாற்றும் முறை

செகண்ட் ஹேண்டில் ரோடு பைக் (மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள கியர் சைக்கிள்) வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, ஆன்லைனில் செயினும் டயரும் ஆர்டர் போடுவது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். ரோடு பைக்கில் ஒரே பெயருள்ள பாகம் பல அளவில், பல தலைமுறையில் வரும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மாட்டினால் வேலை செய்யாது. விற்றவர் சொன்ன மாடல் பெயரைத் தேடினால் கிடைக்கும் விவரமும் அந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைதான். அதன்பின் யார் எதைக் கழற்றினார், எதை மாட்டினார் என்று அதில் இருக்காது. அதனால் முதலில் வண்டியைப் படிப்போம், பிறகு வாங்குவோம்.

ரிம் பிரேக்கும் (வீலின் வெளிவளையமான ரிம்மைக் கட்டைகள் பிடிப்பது), ஷிமானோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கியரும் உள்ள அலுமினிய ரோடு பைக்கை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். முதல்முறை பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இதுதான்.

1. துடைத்து, எழுதி வையுங்கள்

பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பாகம்), கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை), பிரேக் எல்லாவற்றையும் துடையுங்கள். ரிம் மீதும் பிரேக் கட்டை மீதும் படக் கூடாது. வீல் ஹப்புக்குள்ளும் (வீலின் நடுப்பகுதி) பெடல் அச்சுக்குள்ளும் (இரண்டு கிராங்க் கைகளையும் இணைக்கும் அச்சு) இறங்கவும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

இப்போதைக்குக் கருவிகள் அதிகம் வேண்டாம். 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, அளவு டேப், முடிந்தால் ஒரு வெர்னியர். கூடவே ஒரு நோட்டு. கண்ணில் படும் எண்ணையெல்லாம் அதில் எழுதுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கவிழ்த்தால் பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் நம்பர் இருக்கும். பில் இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நம்பரைச் சுரண்டி அழித்திருந்தால் அந்த வண்டியில் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

2. ஷிமானோ எண்களைப் படிப்பது

இந்த ஒரு படிக்கு ஒரு மாலை நேரம் முழுவதும் செலவழித்தாலும் தகும். பின் டெரெய்லரின் உட்புறத்தில், கிராங்க் கையின் உட்பக்கத்தில், பிரேக்கின் பின்பக்கத்தில், ஷிஃப்டரின் (கியர் மாற்றும் லீவர்) ரப்பர் உறையை லேசாகப் புரட்டினால் அதன் அடியில் என்று எல்லாப் பாகத்திலும் ஓர் எண் இருக்கும். முன்னால் இரண்டு எழுத்து: ஆர்.டி. என்றால் பின் டெரெய்லர், எஃப்.டி. முன் டெரெய்லர், எஸ்.டி. பிரேக்கோடு சேர்ந்த ஷிஃப்டர், எஃப்.சி. கிராங்க், சி.எஸ். கேசட் (பின் வீலில் உள்ள பல்சக்கர அடுக்கு), பி.ஆர். பிரேக்.

அடுத்து வரும் நான்கு இலக்கங்களில் முதல் இலக்கம் தரவரிசையைச் சொல்லும். 2-இல் தொடங்கினால் கிளாரிஸ், 3 சோரா, 4 டியாகிரா, 5 என்றால் 105, 6 அல்டெக்ரா, 7 அல்லது 9 டியூரா-ஏஸ். பின்னாளில் வந்தவற்றில் எண்ணுக்கு முன் ஆர் என்ற எழுத்து சேர்ந்து, வரிசையும் மாறியது: ஆர்7000 என்பது 105, ஆர்8000 அல்டெக்ரா, ஆர்9100 டியூரா-ஏஸ்.

பின்னால் எத்தனை பல்சக்கரம் என்பதும் இந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். 2400, ஆர்2000 இரண்டும் 8 ஸ்பீடு. 3500, ஆர்3000 இரண்டும் 9. 4600, 4700, 5600, 5700 நான்கும் 10. 5800, 6800, ஆர்7000, ஆர்8000 நான்கும் 11. கேசட்டில் பல்சக்கரங்களை எண்ணிப் பாருங்கள். ஷிஃப்டர் சொல்லும் எண்ணும் கேசட்டில் எண்ணியதும் ஒத்துப்போகவில்லை என்றால் இடையில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள்.

ஒரு பொறியை இங்கே சொல்லியாக வேண்டும். டியாகிரா 4600, 4700 இரண்டுமே 10 ஸ்பீடுதான். ஆனால் ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் இழுக்கும் கேபிளின் அளவு இரண்டிலும் வேறு. 4600 ஷிஃப்டரோடு 4700 பின் டெரெய்லரைப் போட்டால் எவ்வளவு திருகினாலும் கியர் சரியாக உட்காராது. 4600-க்குப் பின் டெரெய்லர் தேடுகிறவர்கள் 5700 அல்லது 6700 போட்டுக்கொள்ளலாம், அவை ஒரே குடும்பம். "10 ஸ்பீடு" என்று மட்டும் எழுதியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். முழு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. 2023 செப்டம்பரில் ஷிமானோ தன் 11 ஸ்பீடு கிராங்குகள் சிலவற்றைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. எஃப்.சி.-6800, எஃப்.சி.-ஆர்8000, எஃப்.சி.-9000, எஃப்.சி.-ஆர்9100, அதன் பவர் மீட்டர் (மிதிக்கும் பலத்தை அளக்கும் கருவி) வகை ஆகியவற்றில் 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரானவை. இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்த கிராங்க் கை, ஒட்டு விட்டுப் பிரிந்து உடையலாம் என்பதுதான் பிரச்சினை. கிராங்க் கையின் உட்பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். கே என்றால் 2012, ஆர் என்றால் 2019. மாதம் ஏ-யில் தொடங்கி எல் வரை. ஆகவே கே.எஃப். முதல் ஆர்.எஃப். வரை உள்ளவை அந்தக் கணக்கில் வரும். உங்கள் வண்டியில் இருப்பது அதில் ஒன்று என்றால், ஷிமானோவின் அங்கீகாரம் பெற்ற கடையில் காட்டாமல் ஓட்டாதீர்கள். அல்டெக்ரா போட்ட பழைய வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள், வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

3. வீலும் டயரும்

டயரின் பக்கவாட்டில் 25-622 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். 25 டயரின் அகலம், 622 டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கில். 700சி என்று சொல்வது இந்த 622-ஐத்தான். 1980-களின் வண்டி என்றால் 27 அங்குல ரிம் இருக்கலாம், அதன் அளவு 630. நம்மூர் பழைய 28 அங்குல சைக்கிளுக்கு 635. சில மி.மீ.தானே என்று நினைக்க வேண்டாம், ஒன்று மற்றொன்றில் உட்காரவே உட்காராது.

டயரை விரலால் அழுத்திப் பக்கவாட்டில் வெடிப்பு தெரிகிறதா பாருங்கள். பட்டன் தேயாமல் இருந்தாலும், வெயிலில் கிடந்து வெடித்த ரப்பர் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய வண்டியில் முதல் செலவு இதற்கும் பிரேக்குக்கும்தான் போக வேண்டும். டயரைக் கழற்றும்போதே ரிம்முக்குள் இருக்கும் டேப்பையும் பாருங்கள். ஸ்போக் துளை தெரிகிற மாதிரி அது விலகியிருந்தால் புது ட்யூபும் பஞ்சர் ஆகும்.

ரிம்மில் பிரேக் பிடிக்கும் பக்கத்தின் குறுக்கே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. தேய்மானக் குறியாகச் சில ரிம்களில் சிறு புள்ளியோ கோடோ இருக்கும். அது மறைந்திருந்தால் வீல் மாற்ற வேண்டும்.

4. பிரேக், கேபிள்

கேபிள்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பழைய வண்டியில் நான்கையும் மாற்றச் சொல்லுவேன். விலை குறைவு, பலன் அதிகம். குறிப்பாக 5700, 6700, 5800, 6800 போன்று ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் கேபிள் ஓடும் ஷிஃப்டர்களில், உள்ளே திரும்பும் வளைவில் கியர் கேபிள் இழை இழையாகப் பிய்ந்து போவது வழக்கமான கோளாறு. திடீரென்று கியர் மாற மறுத்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். அறுந்த இழை ஷிஃப்டருக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். பிரேக் கம்பி 1.6 மி.மீ., கியர் கம்பி 1.2 மி.மீ. ரோடு பைக் பிரேக் கம்பியின் முனைக் குமிழ் பேரிக்காய் வடிவில் இருக்கும். மலை சைக்கிளுக்கானது தட்டையான உருளை, அது ரோடு லீவரில் உட்காராது. வெளி உறையும் வேறு வேறு. பிரேக் உறைக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். கியர் உறையை ஒருபோதும் பிரேக்குக்குப் போடாதீர்கள். அழுத்திப் பிரேக் பிடிக்கும் நேரத்தில் அது பிளந்துவிடும், பிரேக் இருக்காது.

கியர் கேபிள் மாற்ற, முதலில் ஷிஃப்டரைக் கடைசிக் கிளிக் வரை தளர்த்தி, செயினைப் பின்னால் இருக்கும் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். டெரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திப் பழைய கம்பியை ஷிஃப்டர் பக்கமாகத் தள்ளினால் குமிழ் வெளியே வரும். புதிய உறையைப் பழையதன் நீளத்துக்கே வெட்டுங்கள். வெட்டிய வாய் நசுங்கியிருக்கும், ஒரு ஊசியால் குத்தி வட்டமாக்கிய பிறகே கம்பியை நுழையுங்கள். கழற்றுவதற்கு முன், எந்த லீவர் எந்த பிரேக்குக்குப் போகிறது என்று நோட்டில் குறியுங்கள். வண்டிக்கு வண்டி மாறும்.

பிரேக் கட்டை மாற்றுவது எளிது. கட்டையில் அம்புக்குறி இருந்தால் அது வீல் முன்னோக்கிச் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். கட்டை முழுக்க ரிம்மில் மட்டுமே படட்டும். ஒரு ஓரம் டயரைத் தொட்டால்கூட நாளடைவில் டயரை அறுத்துவிடும்.

5. செயினும் கேசட்டும்

செயினின் கண்ணிகள் அரை அங்குல இடைவெளியில் இருக்கும். அதனால் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். டேப்பின் முனைக் கொக்கி கொஞ்சம் ஆடும் என்பதால் 1 அங்குலக் கோட்டை ஒரு பின்னின் (கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணி) நடுவில் வைத்து, 13 அங்குலக் கோடு எங்கே விழுகிறது பாருங்கள். பின்னின் நடுவிலேயே விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. அந்தப் பின் கோட்டைவிட்டு 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் கேசட்டும் தேய்ந்திருக்கும். அதன் மேல் புது செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது பல்லைத் தாண்டி வழுக்கும்.

பின்னால் இருப்பது கேசட்டா, திருகி மாட்டும் பழைய ஃப்ரீவீலா என்பதை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். 7 ஸ்பீடு வண்டிகளில் ஃப்ரீவீலாக இருக்க வாய்ப்பு உண்டு. வீலைக் கழற்றிப் பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கருவி மாட்டும் வரிப்பள்ளமும் சேர்ந்து சுற்றினால் கேசட், அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். இரண்டுக்கும் கருவி வேறு.

கேசட் கழற்ற லாக்ரிங் (கேசட்டை ஹப்போடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) கருவியும், செயின் துண்டு பொருத்திய கைப்பிடியும் வேண்டும். கைப்பிடியால் பல்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக்ரிங்கை இடப்பக்கமாகத் திருகுங்கள். பழைய கேசட்டின் பின்னால் மெல்லிய வளையம் இருக்கிறதா என்று கவனியுங்கள். 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் 10 அல்லது அதற்குக் குறைந்த கேசட் போடும்போது 1.85 மி.மீ. வளையம் கட்டாயம். புதிய 10 ஸ்பீடு கேசட்டோடு 1 மி.மீ. வளையம் வந்தால் அதையும் போட வேண்டும். வளையம் விட்டுப்போனால் லாக்ரிங் எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும். ஹப்பின் வரிகளில் ஒன்று மட்டும் அகலத்தில் வேறுபடும், அதைப் பார்த்து நுழைத்தால் தானாகச் சரியாக உட்காரும். கடைசியில் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம். இறுகும்போது கடகடவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம்.

பழையதில் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல்லோ, புதியதிலும் அதையே வாங்குங்கள். செயின் நீளத்தை அளக்க, டெரெய்லருக்குள் நுழைக்காமல், முன்னால் இருக்கும் பெரிய பல்சக்கரம் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரம் இரண்டையும் செயினால் சுற்றிப் பிடித்து, அது சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டினால் போதும். 10 ஸ்பீடுக்கு 10 ஸ்பீடு செயின்தான். 8 ஸ்பீடு செயின் அகலம் அதிகம், பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசும்.

6. கியர் சரிசெய்தல்

முதலில் பின்னால் நின்று பாருங்கள். ஃபிரேமில் டெரெய்லர் தொங்கும் சிறு துண்டு உள்பக்கம் வளைந்திருந்தால் எந்தத் திருகாணியும் உதவாது, அதை நிமிர்த்தவோ மாற்றவோ வேண்டும். அந்தத் துண்டு ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு என்பதால் கழற்றி எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஹெச், எல் என்று குறித்த இரண்டு திருகாணிகள் டெரெய்லர் எல்லை தாண்டாமல் தடுப்பவை. எல் தளர்ந்திருந்தால் செயின் ஸ்போக்குக்குள் விழும், ஆகவே அதை முதலில் பாருங்கள். பிறகு கேபிள் நுழையும் இடத்தில் உள்ள உருளையை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகுங்கள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் பின்னாலிருந்து பார்க்க இடப்பக்கமாக, சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கமாக.

7. பெடல், பெடல் அச்சு, சீட் போஸ்ட்

இடது பெடலுக்கு இடது மரை. கழற்ற வலப்பக்கமாகத் திருக வேண்டும். அச்சைத் தாங்கும் கிண்ணங்களில் நேர்மாறு. அச்சு நுழையும் ஃபிரேம் குழாய் 68 மி.மீ. அகலமுள்ள ஆங்கில மரை என்றால் வலப்பக்கக் கிண்ணத்துக்குத்தான் இடது மரை. 70 மி.மீ. இத்தாலிய மரையில் இரண்டும் சாதாரண மரை. அகலத்தை அளக்காமல் பலம் போட்டால் ஃபிரேமின் மரை போய்விடும், அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் நல்ல வீல் வாங்கலாம். மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தியது என்றால் கடையில் கொடுத்துவிடுங்கள்.

சீட் போஸ்ட்டைக் கண்டிப்பாக ஒருமுறை வெளியே எடுங்கள். வியர்வையும் கடற்காற்றும் பட்ட அலுமினியம் ஃபிரேமோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கடற்கரைச் சாலையில் ஓடிய வண்டியில் இதை எதிர்பார்க்கலாம். அடியில் 27.2 என்பதுபோல் அளவு பொறித்திருக்கும், 0.2 மி.மீ. வித்தியாசம்கூட ஒத்துவராது. துடைத்து கிரீஸ் தடவி, குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று காட்டும் கோடு மறையும்படி இறக்குங்கள். கார்பன் போஸ்ட் என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென்றே விற்கும் பேஸ்ட் போடுங்கள்.

சீட், ஹேண்டில்பார் டேப் இரண்டும் கடைசி. டேப்பைச் சுற்றும் முன் நான்கு கேபிளும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டிவரும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் போல்ட்டுகளில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5. எல்லாம் மாட்டிய பின் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஃபோர்க் தலையில் ஆட்டம் தெரியக் கூடாது. தெரு முனைவரை மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். புதிய கேபிள் முதல் சில நாட்களில் கொஞ்சம் தளரும், அப்போது மறுபடி இழுத்துக் கட்டினால் போதும்.