ஒப்பீடு வாயை அடைக்கும்போது: கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாவது செமஸ்டர் தொடங்கியதும் பொறியியல் கல்லூரி விடுதிகளில் பேச்சே மாறிவிடுகிறது. யாருக்கு எந்த நிறுவனம், எத்தனை லட்சம், இன்னும் யார் யார் பாக்கி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவியக் குவிய, வேலை கிடைக்காத மாணவர் முதலில் அங்கே பேசுவதை நிறுத்துகிறார். பிறகு எல்லோரும் சாப்பிட்டுத் திரும்பிய நேரம் பார்த்துத் தனியாக மெஸ்ஸுக்குப் போகிறார். வீட்டிலிருந்து வரும் அழைப்பையும் எடுப்பதில்லை. ஒப்பீட்டால் வரும் வருத்தம் சில நாளில் ஆறிவிடக்கூடியது. அது வாயை அடைத்து, கை கொடுக்கக்கூடியவர்களிடமிருந்து ஒருவரைப் பிரித்துவிடும்போதுதான் பெரிய சேதம் நேர்கிறது.

“யாரோடும் ஒப்பிடாதே” என்று அறிவுரை சொல்வது முதல் தவறு. அது நடக்காத காரியம். தெளிவான அளவுகோல் இல்லாதபோது, பக்கத்தில் இருப்பவரை வைத்தே மனிதர்கள் தங்களை அளந்துகொள்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், கணக்கியல் துறையில் கொடிகட்டிப் பறந்த ஓர் இறுதியாண்டு மாணவரைப் பற்றிய செய்தியை அத்துறை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். தமக்கும் காலம் இருக்கிறது என்று முதலாண்டு மாணவர்கள் உற்சாகம் அடைந்தார்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு அந்த உற்சாகம் வரவில்லை. 1997-இல் வெளியான இந்த ஆய்வை நம் கல்லூரி நிர்வாகங்கள் அவசியம் கவனிக்க வேண்டும். அதிகபட்ச சம்பளம் வாங்கிய மாணவரின் படத்தை நுழைவாயில் பேனரில் போடுகிறோம். இரண்டு அரியரோடு திணறும் நான்காம் ஆண்டு மாணவரும் தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறார். அரியரை முடித்துவிட்டு, தானே விண்ணப்பித்து வேலை வாங்கிய சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் வந்து அரை மணி நேரம் பேசினால், திணறும் அந்த மாணவருக்கு வழி தெரியும்.

அடுத்தது, கண்ணில் படுவதையே முழு வாழ்க்கை என்று நம்புவது. அலெக்ஸாண்டர் ஜோர்டானும் சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் சகமாணவர்களின் துயரங்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். காரணம் எளிது: அழுகையும் பயமும் பெரும்பாலும் தனிமையில் நிகழ்கின்றன, சிரிப்பு கூட்டத்தில் நிகழ்கிறது. அப்படிக் குறைத்து மதிப்பிட்டவர்களிடம் தனிமை உணர்வும் கூடுதலாக இருந்தது. சமூக ஊடகம் இதைப் பெருக்கிவிட்டது. 2004-இல் ஹார்வர்டில் தொடங்கிய ஃபேஸ்புக், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே நாளில் போய்ச் சேரவில்லை; ஒன்றன்பின் ஒன்றாகவே போனது. அந்தக் கால இடைவெளியை வைத்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, அது நுழைந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் சரிந்ததைக் காட்டியது. மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தாழ்வாக உணர்வதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், நான் மட்டும்தான் இப்படி என்று நினைப்பவர் உதவி கேட்கக் கூசுகிறார். “அவர்களுக்கு ஏன் தொந்தரவு?” இந்தக் கணக்கும் தவறு. பிறர் உதவ முன்வரும் அளவை நாம் குறைவாகவே எதிர்பார்க்கிறோம் என்று ஃப்ளின், லேக் இருவரும் 2008-இல் சோதனைகள் வழியே காட்டினார்கள். கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். “நாளை இரவு இரண்டாவது யூனிட்டை என்னோடு உட்கார்ந்து படிப்பாயா?” என்றால் நண்பருக்கு என்ன செய்வதென்று தெரியும். எல்லா உதவியையும் ஒருவரிடமே தேடவும் வேண்டாம். வீட்டின் முதல் பட்டதாரிக்கு, அம்மாவின் குரல் தெம்பு தரும். அரியர் தேர்வுக் கட்டணத்தை எப்போது கட்டுவது என்பதைச் சீனியரிடம்தான் கேட்க முடியும்.

பெற்றோர் செய்யும் தவறு, ஆதரவுக்குள்ளேயே ஒப்பீட்டை வைத்துக் கொடுப்பது. “பெரியப்பா மகனுக்குக் கிடைத்துவிட்டதாம், உனக்கும் கிடைக்கும், கவலைப்படாதே” என்பதில் பிள்ளையின் காதில் விழுவது முதல் பாதிதான். நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குத் தயாரானவர்களையும் அவர்களின் துணைவர்களையும் நாட்குறிப்பு எழுதவைத்த ஓர் ஆய்வு 2000-இல் வந்தது. பெறுபவர் கவனிக்காமலே கிடைத்த உதவிதான் மனச்சோர்வைக் குறைத்தது. ஆகவே, “இன்று ஏதாவது வந்ததா?” என்று தினமும் விசாரிக்க வேண்டாம். ஊர்க் கதை பேசுங்கள். செலவுக்குப் பணம் கேட்கும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். “வாழப் பிடிக்கவில்லை” என்று நண்பர் சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்தச் சுமையைத் தனியாகச் சுமக்கவும் முயலாதீர்கள். அவரைத் தனியே விடாமல், வார்டனிடமோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ வீட்டாரிடமோ உடனே தெரிவியுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் தமிழிலேயே பேசலாம்.