பேங்க் காசுக்கு ஸகாத்: யார் கொடுப்பது, எப்படிக் கணக்குப் பார்ப்பது

கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை வெட்டியதும் ஸகாத் (வசதியுள்ள முஸ்லிம்கள் ஏழைகளுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய பங்கு) நெல்லைத் தனியாக அளந்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை விற்பார்கள், அதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. விற்ற காசு பேங்கில் போய் உட்கார்ந்த பிறகுதான் மறதி வந்துவிடுகிறது. 'அதுதான் நெல்லுக்குக் கொடுத்தாச்சே' என்பார்கள். நெல்லுக்குக் கொடுத்தது நெல்லோடு சரி, காசு ஒரு வருடம் தங்கினால் அது வேறு கணக்கு.

முதலில் காசு யாருடையது என்று பாருங்கள், பாஸ் புத்தகத்தில் யார் பெயர் என்பதெல்லாம் அப்புறம். கட்டாரில் இருக்கும் கணவன் மனைவியின் கணக்குக்கு அனுப்புகிறார், 'செலவு போக மிச்சத்தைச் சேர்த்து வை' என்று சொல்லியிருந்தால் மிச்சம் அவருடையது, ஸகாத்தும் அவர் தலையில்தான். 'இது உனக்கு' என்று கொடுத்துவிட்டால் கடமை மனைவிக்கு. அவளுக்காகக் கணவன் கட்டலாம், ஆனால் அவளிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிக் கட்ட வேண்டும்.

நம் ஊரில் பெரிய குழப்பம் மகளின் வீட்டுக் காசில்தான். பிள்ளை பிறந்த நாளிலிருந்து வாப்பா சேர்க்கத் தொடங்குவார், கேட்டால் 'அது மகளுக்கு வீடு கட்ட ஒதுக்கியது' என்பார். ஒதுக்கி வைத்தால் விலக்கு வராது, அவர் கையில் இருக்கும்வரை அவர்தான் கொடுக்க வேண்டும். ஹஜ்ஜுக்குச் சேர்ப்பதும் அப்படித்தான். மகளுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார், அவள் இன்னும் சிறுமி என்றால், நம்மில் பெரும்பாலானவர்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) அதற்கும் ஸகாத் உண்டு, பொறுப்பாளர் அவளுடைய காசிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்னொரு மத்ஹபான ஹனபியில் சிறு பிள்ளையின் காசுக்கு இல்லை.

சரி, எவ்வளவு இருந்தால் கடமை? 85 கிராம் சுத்தத் தங்கத்தின் விலை, அதாவது 10 பவுணும் 5 கிராமும் (ஒரு பவுண் 8 கிராம்). இந்த அளவுக்குத்தான் நிஸாப் என்று பெயர். 595 கிராம் வெள்ளியை அளவாக எடுப்பவர்களும் உண்டு. அது மிகக் குறைந்த தொகை என்பதால் ஏழைகளுக்கு நல்லது என்பது அவர்கள் வாதம், எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது. எதை எடுப்பது என்று உங்கள் மௌலவியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், வருடா வருடம் மாற்றாதீர்கள்.

பேச்சுக்கு 24 கரட் பவுண் 3 இலட்சம் என்று வைத்தால் நிஸாப் 31,87,500 ரூபா. உங்களிடம் 36 இலட்சம் இருக்கிறதென்றால் 40ஆல் வகுங்கள் (ஸகாத் 40இல் ஒரு பங்கு, அதாவது 2.5 வீதம்), 90,000. நிஸாபுக்கு மேலே உள்ளதற்கு மட்டும் கொடுப்பது தவறு, முழுத் தொகைக்கும் கொடுக்க வேண்டும்.

வருடம் என்பது பிறை வருடம், 354 நாள். ஆங்கிலத் தேதியில்தான் பார்ப்பேன் என்றால் 2.5 வீதத்துக்குப் பதில் 2.577 வீதம் போடுங்கள். ஷாபிஈயில் நடுவில் நிஸாபுக்குக் கீழே இறங்கினால் வருடம் புதிதாகத் தொடங்கும். ஹனபியில் நடுவில் காசு முழுவதும் தீர்ந்துவிடாமல், தொடக்கத்திலும் முடிவிலும் நிஸாப் இருந்தால் போதும். நான் வீட்டுக் கலண்டரில் ரஜப் 15ஐச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன், அன்று தங்கத்தின் கடைவிலையைக் கேட்டு, பாஸ் புத்தகங்களையும் அலுமாரிக் காசையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டுவேன். ரமழானில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை.

கூட்டும்போது விடுபடுவது சீட்டுக் காசு. மாதம் 25,000 படி 6 மாதம் கட்டி இன்னும் சீட்டு எடுக்கவில்லையென்றால் அந்த 1,50,000 உங்களுக்கு வரவேண்டிய கடன், சேர்க்க வேண்டும். மச்சானுக்குக் கொடுத்த கடனும், திரும்பி வரும் என்று நம்பிக்கை இருந்தால். இதை நானும் இரண்டு வருடம் மறந்துதான் போனேன்.

வட்டியைச் சேர்க்காதீர்கள். அது முழுவதையும் அப்புறப்படுத்த வேண்டும், அதில் 40இல் ஒன்று கொடுத்துச் சுத்தமாக்க முடியாது.

கொடுக்கும்போது நிய்யத் (இது ஸகாத் என்ற மன எண்ணம்) வேண்டும். உம்மா, வாப்பா, பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது, அவர்களைப் பார்ப்பது எப்படியும் உங்கள் கடமை. வசதியில்லாத ராத்தாவுக்கு (அக்காவுக்கு) கொடுக்கலாம். இல்லையென்றால் ஊர் பைத்துஸ் ஸகாத்தில் (ஸகாத்தைச் சேர்த்துப் பங்கிடும் அமைப்பில்) கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள், போன வருடங்களுக்குக் கொடுக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு வருடத்தையும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துக் கட்டும்போது, எதற்குக் கட்டியாயிற்று என்று பார்க்க அது உதவும்.